தீம் வைத்த கடினமான குறுக்கெழுத்தை உடைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தினசரி வரும் மறைபொருள் (cryptic) குறுக்கெழுத்தில், அதாவது குறிப்புக்குள்ளேயே சொல்விளையாட்டாக விடை ஒளிந்திருக்கும் வகையில், கடைசிக் கட்டம் நிரம்பியதும் பேனாவை மூடி வைத்துவிடலாம். தீம் வைத்த, அதாவது சில விடைகள் ஒரே கருப்பொருளில் சேரும் கடினப் புதிரில் அந்த நிமிஷத்தில்தான் அசல் வேலை ஆரம்பிக்கும். கட்டம் நிரம்பியிருக்கும், ஆனால் எந்த விடைகள் ஒரு குடும்பம், எந்த எழுத்தை மாற்றணும், எதை அழிக்கணும், எதைக் கட்டத்துக்கு அடியில் எழுதணும் என்று ஒன்றும் தெரியாது. குறிப்புகளைப் பிரித்துப் பார்க்க ஏற்கெனவே பழகிவிட்டு, அடுத்த படிக்கு ஏற முயன்று பாதியில் விட்டுவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த வகைக்குத் தாய்வீடு இங்கிலாந்து. 1926இல் அப்சர்வர் பத்திரிகையில் எட்வர்ட் பாவிஸ் மேதர்ஸ், டார்க்விமாடா என்ற புனைபெயரில் புதிர் போட ஆரம்பித்தார். அது ஸ்பெயினின் மத விசாரணைத் தலைவர் ஒருவரின் பெயர். அவருக்குப் பின் வந்த டெரிக் மக்நட் இன்னொரு விசாரணைத் தலைவரின் பெயரை எடுத்துக்கொண்டு சிமனீஸ் ஆனார். 1972இல் அந்த இடத்துக்கு வந்த ஜானதன் கிரவுதர், டேசா (Deza) என்ற விசாரணைத் தலைவரின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத்தெழுத்தாகத் திருப்பிப் போட்டு அசெட் (Azed) என்று வைத்துக்கொண்டார். புனைபெயரே ஒரு புதிர், பாருங்கள். பிபிசி நடத்திய லிசனர் வார இதழில் 1930 ஏப்ரலில் தொடங்கிய குறுக்கெழுத்துதான் இந்த வகையின் உச்சம் என்று பெயர் வாங்கியது. 1991இல் இதழ் நின்றுபோன பிறகும் புதிர் நிற்கவில்லை, டைம்ஸ் பத்திரிகையின் சனிக்கிழமைப் பதிப்புக்குக் குடிபெயர்ந்து இன்றும் வருகிறது. ஒரு முழு வருடம் ஒரு தப்பும் இல்லாமல் அனுப்புகிறவர்கள் மிகக் கொஞ்சம் பேர்தான்.

தமிழிலும் மறைபொருள் பாணிப் புதிர் உண்டு, அமெரிக்காவிலிருந்து வந்த தென்றல் மாத இதழில் போட்டுப் பழகியவர்கள் நிறையப் பேர். ஆங்கிலப் புதிரைத் தமிழில் பிரித்துக் காட்டினால் சுவை போய்விடும். அதனால் லிசனர் பாணி உத்திகளை வைத்துத் தமிழிலேயே ஒரு சின்னப் புதிரின் சில பகுதிகளை நானே செய்திருக்கிறேன். அதை வைத்தே போவோம்.

முதலில் முன்குறிப்பைப் படியுங்கள், அப்புறம் இன்னொரு தடவை படியுங்கள்

தீம் புதிரின் தலையில் நாலைந்து வரி விளக்கம் இருக்கும். அதை நான் முன்குறிப்பு என்கிறேன். மொத்தப் புதிரிலும் பெரிய குறிப்பு அதுதான். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: எங்கே தடுக்கி நின்றாலும் முன்குறிப்புக்குத் திரும்புங்கள். புதிர் அமைப்பவர் அதில் ஒரு சொல்லைக்கூடச் சும்மா வைக்க மாட்டார். நம் புதிரின் முன்குறிப்பு இது:

"குறிப்பு இல்லாத நான்கு விடைகள் ஒரு குடும்பம். இடமிருந்து வலம் போகும் மூன்று குறிப்பிலும் சொல்விளையாட்டு ஓர் எழுத்தைக் கூடுதலாகத் தரும். அது கட்டத்துக்குள் போகாது. அந்த மூன்று எழுத்தும் சேர்ந்து வரும்போது குடும்பத்தில் ஒருவர் இயல்பு திரிந்து, இல்லாத ஐந்தாமவர் ஆவார். ஒரு கட்டத்தில் எழுத்து மாறும், ஒரு கட்டம் வெறுமையாகும். முடிவிலும் எல்லாம் சொற்களாகவே நிற்கும்."

இதை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி போடுங்கள். நான்கு இருக்கிறது, ஐந்தாவது இல்லை. அப்படியானால் ஐந்து பேர் கொண்ட ஏதோ ஒரு தொகுதி. "வரும்போது" என்றால் வரக்கூடியது எது? ஆளா, காலமா, மழையா? "இயல்பு திரிந்து" கொஞ்சம் பழைய வாடை அடிக்கிற சொல், ஏன் "மாறி" என்று போடவில்லை? "ஒருவர்" என்று ஒருமையில் ஏன் இருக்கிறது? பதில் இப்போது தேவையில்லை. கேள்வி தாளில் இருந்தால் போதும், பின்னால் அது உங்களைக் கூப்பிடும்.

மேஜையில் என்ன வேண்டும்

பென்சில், அழிப்பான், கட்டத்தின் இரண்டு பிரதி. ஒன்று கிறுக்குவதற்கு, இன்னொன்று கடைசி வடிவத்துக்கு. ஆங்கிலப் புதிர் என்றால் சேம்பர்ஸ் அகராதி இல்லாமல் உட்காராதீர்கள், பழைய சொல், ஸ்காட்லாந்துச் சொல் எல்லாம் அதை நம்பித்தான் போடுகிறார்கள். தமிழுக்கு, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி. இன்றைய வழக்குச் சொல்லுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. அகராதி பார்ப்பதைக் குற்றமாக நினைக்காதீர்கள், இந்த வகைப் புதிர் அகராதியைத் திறக்கத்தான் செய்யப்படுகிறது.

குறிப்பை உடைப்பது, இந்த முறை விடையைக் கடைசியில் எழுதி

வழக்கமான மறைபொருள் குறிப்பில் இரண்டு பாதி. ஒரு பாதி நேர்ப்பொருள், இன்னொரு பாதி சொல்விளையாட்டு. இரண்டும் ஒரே விடையில் போய் முட்டும். தீம் புதிரில் இந்த இரண்டும் வேண்டுமென்றே ஒரு எழுத்து அளவு விலகி நிற்கும், அந்த விலகலில்தான் செய்தி ஒளிந்திருக்கும். ஆகவே "நேர்ப்பொருளை வைத்தே விடை தெரிந்துவிட்டது, போதும்" என்று நகரக் கூடாது. சொல்விளையாட்டை ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து ஓரத்தில் எழுதியே ஆகணும்.

முதல் குறிப்பு: குசனோடு பிறந்தவன் முருகன் (3)

படிக்கும்போது ஏதோ புராணத் தகவல் தப்பாகச் சொல்வது போல இருக்கும். குசனோடு பிறந்தவன் லவன். ல, வ, ன் என்று மூன்று கட்டம் சரியாக வருகிறது. மிச்சம் இருப்பது முருகன் என்ற ஒரே சொல். முருகனுக்கு எத்தனை பெயர்! கந்தன், வேலன், குமரன், கடம்பன், வேலவன். வேலவன் என்பதில் வே, ல, வ, ன். லவனுக்கு முன்னால் ஒரு எழுத்து கூடுதல். ஓரத்தில் எழுதுங்கள்: வே.

இரண்டாவது: நடுவில் வெட்டுண்ட மரத்துக்குள் தனி திரும்பி நுழைய யானைக்குப் பிடிப்பது (3)

இதில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். மரம் என்பதில் நடு எழுத்து ர, அதை வெட்டினால் ம, ம் மிஞ்சும். "தனி" திரும்பினால் னி, த. அதை உள்ளே நுழைத்தால் ம, னி, த, ம். மனிதம்! அழகான சொல் கிடைத்துவிட்டதே என்று கை தானாக எழுதப் போகும். ஆனால் கட்டம் மூன்றுதான், கிடைத்ததோ நான்கு. யானைக்கு என்ன பிடிக்கும்? கரும்பு, வாழை என்று யோசிக்க வைப்பதுதான் குறிப்பின் வேலை. யானைக்குப் "பிடிப்பது" மதம். மனிதத்திலிருந்து னி உதிர்ந்தால் மதம். ஓரத்தில்: னி.

கூடுதல் எழுத்தோடு சேர்ந்தும் ஒரு முழுச் சொல் வருவது போல அமைப்பவர்கள் கஷ்டப்பட்டுச் செய்வார்கள், நம்மை ஏமாற்ற மட்டுமில்லை, அதில் ஒரு கைவேலை நேர்த்தி இருக்கிறது. அதை ரசித்துவிட்டுப் போங்கள்.

மூன்றாவது: பகலுக்குப் பின் கழுத்துப்பட்டி, சூதாட உருட்டுவது (3)

கழுத்துப்பட்டி என்றால் டை. பகல் பின்னால் டை வந்தால் ப, க, ல், டை. சூதாட உருட்டுவது பகடை. மிச்சம் ல்.

வே, னி, ல். வேனில். முன்குறிப்பில் "வரும்போது" என்று இருந்ததே, வருவது ஒரு பருவம். தாளில் போட்ட கேள்விக்கு முதல் பதில் வந்துவிட்டது.

செய்தி எப்போதும் இவ்வளவு சுலபமாக முழுசாகக் கிடைக்காது. லிசனர் மாதிரிப் புதிரில் முப்பது, நாற்பது எழுத்துச் செய்தி வரும், அதில் பத்து எழுத்து காணாமல் இருக்கும். அப்போது கிடைத்ததை வரிசை எண்ணோடு எழுதி, கிடைக்காத இடத்தில் கோடு போட்டு வையுங்கள். செய்தியே ஒரு வாக்கியம் என்பதால் நடுவில் உள்ளதை ஊகிக்கலாம், ஊகித்த எழுத்தை வைத்து இன்னும் உடையாத குறிப்பைப் பின்னாலிருந்து உடைக்கலாம். இந்தப் போக்குவரத்து இரண்டு பக்கமும் நடக்கணும். புதிதாக வருகிறவர்கள் குறிப்பிலிருந்து செய்திக்கு மட்டும் போகிறார்கள், செய்தியிலிருந்து குறிப்புக்குத் திரும்பி வருவதில்லை. பாதி நேரம் அங்கேதான் வீணாகிறது.

வேறு தந்திரங்களும் உண்டு. நேர்ப்பொருளில் ஒரு எழுத்து அச்சுப்பிழையாக இருக்கும். "கரை தொடும் இலை" என்று படித்தால் குழப்பம், "கரை தொடும் அலை" என்று திருத்தினால் விடை திரை, செய்திக்குப் போகும் எழுத்து அ. சில புதிரில் குறுக்கே போகும் விடையும் கீழே போகும் விடையும் ஒரே கட்டத்தில் வெவ்வேறு எழுத்து கேட்டுச் சண்டை போடும், அந்தச் சண்டைக் கட்டங்களே தீமுக்கு வழி. சிலவற்றில் விடையைக் கலைத்துத்தான் உள்ளே போடணும். ரகசியக் குறியீட்டு முறையால் மாற்றிப் போடச் சொல்வதும் உண்டு. 1854இல் சார்லஸ் வீட்ஸ்டோன் கண்டுபிடித்து, பிளேஃபேர் பிரபுவின் பெயரில் பரவிய இரட்டை எழுத்துக் குறியீடு ஆங்கிலப் புதிர்களில் அடிக்கடி வரும். எதுவானாலும் வேலை ஒன்றுதான், விலகலைக் குறித்து வைப்பது.

தமிழ்க் கட்டம் கொடுக்கும் உதவி

தமிழில் போடுகிறவர்கள் பலர் பயன்படுத்தாத ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு 26 எழுத்துதான், அதனால் குறுக்கே கிடைத்த ஒரு எழுத்து பெரிதாக எதையும் சொல்லிவிடாது. நம் கட்டத்தில் 247 எழுத்தில் ஒன்று உட்காருகிறது, ஆகவே ஒரு றி கிடைத்தால் அது ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து கிடைத்த மாதிரி.

இதோடு இலக்கணமும் சேர்ந்து உழைக்கும். க், ச், த், ப் வந்தால் அடுத்த கட்டத்தில் அதே வரிசை எழுத்துதான், சக்தி மாதிரி வந்துசேர்ந்த சொற்கள் தவிர. ங் வந்தால் அடுத்தது க வரிசை, ஞ் வந்தால் பெரும்பாலும் ச வரிசை. தமிழ்ச் சொல் ட, ற, ண, ன, ள, ழ என்று தொடங்காது, டை மாதிரி வந்துசேர்ந்த சொற்கள் தவிர. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணும்போது இது எதற்கு என்று தோன்றியிருக்கும். குறிப்பில்லாத விடையைப் பிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை.

நம் புதிரில் குறிப்பில்லாத ஒரு நான்கு கட்ட விடையில் இரண்டாவது றி, மூன்றாவது ஞ் என்று கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் அறிஞர் என்று தோன்றும், ஆனால் அதில் இருப்பது ஞ, புள்ளி வைத்த ஞ் இல்லை. ஞ் என்றால் கடைசிக் கட்டம் ச வரிசை. குறிஞ்சி. வேறு எதுவும் எனக்குத் தெரிந்து பொருந்தாது.

தீமை ஊகிப்பது, ஊகத்தைச் சோதிப்பது

இன்னொரு விடை மு, ல், லை என்று வருகிறது. முல்லை. இப்போது பெரும்பாலோர் "பூக்கள்!" என்று துள்ளுவார்கள், நியாயம்தான். மூன்றாவது விடை இப்போதைக்கு ஒரு காலிக் கட்டம், ரு, ஒரு காலிக் கட்டம், ம். பருவம், உருவம், தருமம் எதுவும் பூ இல்லை. நான்காவது விடையில் முதல் கட்டம் காலி, அப்புறம் ய், த, ல். செய்தல், பெய்தல், கொய்தல், நெய்தல். நெய்தலும் பூதான், மருதம் ஒரு மரம், அதிலும் பூ பூக்கும். அப்போ பூக்கள் சரிதானே?

இங்கேதான் நான் ஒரு தடவை இரண்டு வாரம் மாட்டிக்கொண்டேன். புதிர் வேறு, சிக்கல் இதே. தீம் கிட்டத்தட்டப் பொருந்தியது, கடைசி வரி மட்டும் பொருந்தவில்லை, கடைசி வரியை நான் விட்டுப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். விட்டுப் பிடிக்கக் கூடாது. முன்குறிப்பின் எல்லாச் சொல்லும் பொருந்தாத தீம், தீமே இல்லை. முக்கால்வாசி பொருந்துகிற தீம்தான் இருப்பதிலேயே ஆபத்தானது, ஏனென்றால் அதை விட மனசு வராது.

சோதனை இப்படி. பூக்கள் என்றால் "இல்லாத ஐந்தாமவர்" யார்? உலகத்தில் ஆயிரம் பூ இருக்கிறது. தொகுதி ஐந்தோடு முடியணும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், ஐந்தாவது பாலை. ஐந்திணை. இப்போது மற்றச் சொற்களை வைத்துப் பாருங்கள். தொல்காப்பியம் நிலத்தை நான்காகத்தான் பிரிக்கிறது, பாலைக்கு என்று தனி நிலம் கொடுக்கவில்லை. ஆகவே "இல்லாத" என்ற சொல் கட்டத்தில் இல்லை என்பதோடு நிற்காமல் இன்னும் ஆழமாக இறங்குகிறது. பாலைக்கு உரிய பொழுதாக அது சொல்வது நண்பகலையும் வேனிலையும். கூடுதல் எழுத்து தந்த சொல்லும் வேனில். அப்புறம் அந்தப் பழைய வாடை அடித்த "இயல்பு திரிந்து". முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை சொல்கிறது. ஒரு தீம் சரியா தப்பா என்பதை இப்படித்தான் தெரிந்துகொள்வது. சரியானது கிடைத்தால் அதுவரை சும்மா கிடந்த சொற்கள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும், நீங்கள் எதையும் வளைக்க வேண்டியிருக்காது.

கடைசிக் கட்டம்

முல்லையா குறிஞ்சியா என்ற கேள்வி மிச்சம். கணக்குப் போடுங்கள். பாலைக்கு இரண்டு எழுத்து. குறிஞ்சி நான்கு கட்டம், அது பாலையாக வேண்டுமானால் இரண்டு கட்டம் காலியாகணும், முன்குறிப்பு ஒன்றைத்தான் அனுமதிக்கிறது. முல்லை மூன்று கட்டம். ஒன்று காலியானால் இரண்டு மிஞ்சும், லை அப்படியே நிற்கும், மு மட்டும் பா ஆகணும். நடுவில் உள்ள ல் போகும்.

ஆனால் அதோடு எழுதிவிடாதீர்கள். "முடிவிலும் எல்லாம் சொற்களாகவே நிற்கும்" என்ற வரி இன்னும் சோதிக்கப்படவில்லை. முல்லையைக் குறுக்கே வெட்டிக் கீழே இறங்குகிற விடைகளைப் பாருங்கள், இவற்றின் குறிப்பில் கூடுதல் எழுத்து எதுவும் இல்லை.

மு என்ற கட்டத்தில் தொடங்கி இறங்குவது: பட்டின் தலையை எடுத்து முத்தின் தலையை வைத்தால் சாயாமல் தாங்கும் (3). பட்டு என்பதில் ப போய் மு வந்தால் முட்டு.

ல் வழியாக இறங்குவது: கல்லடியில் விதை முளைக்கத் தொடங்கினால் கேடில்லாச் செல்வம் (3). கல், அதற்கு அடியில் விதையின் தொடக்கமான வி. கல்வி. கீழ்நோக்கிப் போகும் விடை என்பதால் "அடியில்" என்ற சொல் எவ்வளவு பொருத்தமாக உட்காருகிறது பாருங்கள்.

இப்போது மாற்றுங்கள். மு பா ஆனால் முட்டு, பாட்டு ஆகும். ல் அழிந்தால் கல்வி, கவி ஆகும். இரண்டும் சொல்லாகவே நிற்கின்றன. மூன்றாவதாக லை வழியே இறங்கும் தலைவி என்ற விடைக்கு ஒன்றும் ஆகவில்லை. பாலை, பாட்டு, கவி, தலைவி என்று அந்த மூலை முழுக்கப் பாலைத்திணைப் பாட்டாக மாறிவிட்டது. இப்படி ஒரு இடத்துக்கு வந்து சேரும்போது கிடைக்கிற சந்தோஷத்துக்காகத்தான் மனிதர்கள் ஒரு புதிரோடு ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாட்டிக்கொண்டால்

எழுந்து போங்கள், தூங்கி எழுந்து வாருங்கள், அடுத்த நாள் குறிப்புகளிலிருந்து தொடங்காமல் முன்குறிப்பிலிருந்து தொடங்குங்கள். ஒரு மூலை மொத்தமாக நகரவில்லை என்றால் ஏற்கெனவே எழுதிய விடைகளில் ஒன்று தப்பாக இருக்கலாம், சொல்விளையாட்டு முழுதாகப் பிரியாத விடைகளை அழித்துவிட்டு மறுபடி பாருங்கள். இதற்காகவே நான் பிரித்து முடித்த குறிப்புக்கு மட்டும் டிக் போடுகிறேன், விடை தெரியும் ஆனால் காரணம் தெரியவில்லை என்றால் சுழி. சிக்கல் பெரும்பாலும் சுழி போட்டதில்தான் இருக்கும். கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்வதும் நல்லது. அவருக்குப் புதிர் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, முன்குறிப்பை அவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினாலே நீங்கள் தாண்டிப் போன சொல் காதில் விழும்.

சுத்தப் பிரதி

கிறுக்கல் தாளைப் பார்த்து இரண்டாவது பிரதியை நிரப்புங்கள், நினைவிலிருந்து எழுத வேண்டாம். மாற்றிய எழுத்தைப் பழைய எழுத்தின் மேலேயே திருத்தி எழுதினால் படிக்கிறவருக்கு எது முடிவு என்று தெரியாது. முதல் முறையே பா என்று எழுதுங்கள். தடித்த கோடுகள், சொல்லின் எல்லைகள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாகவும், அப்புறம் ஒவ்வொரு பத்தியையும் மேலிருந்து கீழாகவும் விரலை வைத்து வாசியுங்கள். பாவுக்கும் லைக்கும் நடுவில் உள்ள அந்தக் கட்டத்தில் கோடு போடாதீர்கள், கறுப்படிக்காதீர்கள், புள்ளிகூட வைக்காதீர்கள். அது வெறுமையாகவே இருக்கணும்.